பேச்சியம்மாள் கைக்கு ஓடாத கம்ப்யூட்டர்

எங்கள் பழைய கம்பெனியில் இப்போது வேலை பார்க்கிறவர்கள் ஒரு வாட்ஸப் குழு வைத்திருக்கிறார்கள். ஓய்வு பெற்ற எங்களையும் அதில் சேர்த்துக்கொண்டது அவர்களுடைய பெருந்தன்மை. காலை வணக்கம் போடுவதைத் தவிர அங்கே எனக்கு வேலை கிடையாது. போன மாதம் ஒருவர் அதில் ஒரு சந்தேகம் கேட்டார். கம்ப்யூட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை என்று வாடிக்கையாளர் கூப்பிடுகிறார், போய்ப் பார்த்தால் நன்றாக ஓடுகிறது, இரண்டு தடவை இப்படியே ஆகிவிட்டது, 'குறை ஒன்றும் இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடலாமா என்று. ஆளாளுக்கு, தாராளமாக எழுதுங்கள் என்று பதில் போட்டார்கள். ஒருவர் சிரிக்கிற பொம்மை வேறு போட்டிருந்தார்.

எனக்குச் சுருக்கென்றது. நான் அப்படி மூன்று தடவை எழுதிக் கொடுத்தவன். அதனால் ஒரு பெண்ணின் பிழைப்பு போக இருந்தது. கைபேசியில் ஒற்றை விரலால் தட்டி அதைச் சொல்லி முடியாது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் முதலில் டைப்ரைட்டர் மெக்கானிக். திருநெல்வேலி ஜங்ஷனில் கம்பெனி இருந்தது. மாவட்டத்தில் எந்த ஆபீஸில் எந்த மெஷினுக்கு எந்த எழுத்து மழுங்கும் என்று எனக்கு மனப்பாடம். தொண்ணூறுகள் பிறந்ததும் கம்பெனி கம்ப்யூட்டர் விற்க ஆரம்பித்தது. எங்களில் நாலு பேரைப் பொறுக்கி மெட்ராஸுக்குப் பதினைந்து நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பாதி வகுப்பு இங்கிலீஷில் நடந்தது, மீதி நேரம் நான் தூங்கினேன். திரும்பி வந்தபோது என் பெயருக்கு முன்னால் 'கஸ்டமர் இன்ஜினியர்' என்று ஒட்டியிருந்தது. மெக்கானிக் சங்கரலிங்கம் இன்ஜினியர் ஆகிவிட்டார் என்று தெருவில் பேச்சு. சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட ஆரம்பித்தேன். அதோடு கொஞ்சம் தலைக்கனமும் வந்து உட்கார்ந்துகொண்டது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் சர்வீஸ் பிரிவுக்குத் தலைமையாக முத்துச்செல்வி வந்தார். சாத்தான்குளத்துக்காரர். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு நாலைந்து வருஷம் வெளியூரில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். எனக்கு நாற்பது முடிந்திருந்தது, அவருக்கு முப்பது ஆகவில்லை. எனக்குப் பிடிக்கவில்லை என்பதை இப்போது ஒளிக்க என்ன இருக்கிறது? ஒரு சின்னப் பெண்ணிடம் போய் 'மேடம், இன்றைக்கு எங்கே போகணும்' என்று கேட்பது முதல் ஒரு மாதம் தொண்டையில் முள் சிக்கியது மாதிரி இருந்தது. நானும் 'மேடம்' என்பதை வேண்டுமென்றே கொஞ்சம் இழுத்துச் சொல்வேன். அவர் அதைக் கண்டுகொண்டதாகவே காட்டிக்கொள்ள மாட்டார். என்னை எப்போதும் பெயரைச் சுருக்கி 'சங்கரன் சார்' என்றுதான் கூப்பிடுவார்.

அவர் வந்த இரண்டாவது வாரம் பாளையங்கோட்டையில் ஒரு டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டிலிருந்து கூப்பிட்டார்கள். கம்ப்யூட்டர் போட்டால் திரை இருட்டாகவே இருக்கிறதாம். நான் போய் இறங்கினதும் மூடியைக் கழற்றிவிட்டேன். அப்போதெல்லாம் எனக்கு ஸ்க்ரூடிரைவர் கையில் இல்லாவிட்டால் கை நடுங்கும். ரேமைப் பிடுங்கி அதன் பித்தளைக் காலைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினேன். டிஸ்பிளே கார்டைப் பிடுங்கித் தேய்த்துச் செருகினேன். ஒன்றும் நடக்கவில்லை. மதர்போர்டு போய்விட்டது என்று ஆபீஸுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். முத்துச்செல்வி வந்தார். பெட்டியைத் தொடவில்லை. இன்ஸ்டிட்யூட் நடத்துகிற அம்மாவிடம் மூன்று கேள்வி கேட்டார். கடைசியாக எப்போது ஓடியது, அதற்குப் பிறகு இந்த அறையில் யார் யார் என்ன செய்தார்கள், ஓடாதபோது என்ன சத்தம் கேட்டது. முந்தின நாள் சாயந்தரம் பெருக்குகிற அம்மா வந்து எல்லாவற்றையும் ஈரத்துணி போட்டுத் துடைத்தார் என்று தெரிந்தது. முத்துச்செல்வி மானிட்டருக்கு அடியில் கையை விட்டு வெளிச்சத்தைக் கூட்டுகிற திருகைப் பையத் திருகினார். திரை பளிச்சென்று வந்தது. துடைத்த அம்மா அதைக் குறைந்த பக்கமாகத் திருகி விட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

நான் பிரித்துப்போட்ட பெட்டியை அவரே பூட்டிக் கொடுத்தார். பஸ்ஸில் திரும்பி வரும்போது என்னைக் குத்திக் காட்டுவார் என்று முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் தெற்கு பஜாரில் எந்தக் கடையில் நல்ல சேவு கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டு வந்தார். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அந்த மூன்று கேள்வியும் அவருக்குச் சந்தியாவந்தனம் மாதிரி. ஒரு நாளும் தப்பாது. கேட்டு முடித்து, பதிலை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி, நேரத்தையும் குறித்த பிறகுதான் ஸ்க்ரூடிரைவரை எடுப்பார். எடுத்த பிறகும் அவசரம் கிடையாது. பவர் கார்டில் ஆரம்பிப்பார். பிறகு ஒவ்வொரு கார்டாக வெளியே எடுத்து, ஒன்றை மாத்திரம் மாற்றிப் போட்டுப் பார்ப்பார். பழையபடி வைப்பார். அடுத்ததை மாற்றுவார். நானோ எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றி ஓட வைத்துவிட்டு, எதனால் ஓடியது என்று தெரியாமலேயே வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிற ஜாதி. 'ஓடிருச்சுல்லா' என்பேன். 'ஓடிருச்சு, ஆனா எது கெட்டுருக்குன்னு நமக்குத் தெரியலையே' என்பார்.

இன்னொரு தடவை நான் செய்தது சாதாரணத் தப்பு இல்லை. மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டிக்கு எஸ்எம்பிஎஸ் என்று பெயர். அந்தக் காலத்தில் அதிலிருந்து மதர்போர்டுக்கு இரண்டு கொத்து ஒயர் வரும். இரண்டிலும் உள்ள கறுப்பு ஒயர்கள் நடுவில் பக்கத்துப் பக்கமாக இருக்கும்படி செருக வேண்டும். மாற்றிச் செருகினால் போச்சு. நான் அரட்டை அடித்துக்கொண்டே மாற்றிச் செருகினேன். புகை வந்தது. புது போர்டு கருகிப்போயிற்று. மானேஜர் அறையில் என்மேல் சாமியாடப் போகிறார்கள் என்று நினைத்தேன். முத்துச்செல்வி உள்ளே போய் 'எங்க செக்ஷன்ல தப்பு நடந்துட்டு சார்' என்று சொல்லிவிட்டு வந்தார். யார் என்று மானேஜர் கேட்டதற்கும் அதே பதில்தான். வெளியே வந்து என்னிடம், இனிமேல் செருகும்போது வாய்விட்டு 'கறுப்பு, கறுப்பு' என்று சொல்லிக்கொண்டே செருகுங்கள் என்றார். ஓய்வு பெறுகிற வரைக்கும் நான் அப்படிச் சொல்லாமல் செருகியதில்லை. அதோடு 'மேடம்' என்பதை இழுத்துச் சொல்வதையும் விட்டுவிட்டேன்.

இப்போது அம்பாசமுத்திரம் விஷயத்துக்கு வருகிறேன்.

அங்கே ஒரு அச்சகம் இருந்தது. பெரும்பாலும் கல்யாணப் பத்திரிகை. முதலாளி கோமதிநாயகம் அண்ணாச்சி, ஒரு காலத்தில் நிறைய வயல் இருந்த குடும்பம். பளிச்சென்று திருநீறு, மடிப்புக் கலையாத வேட்டி, குரல் உயராத பேச்சு. சுற்றுவட்டாரத்தில் அவருடைய கைராசிக்கு அப்படி ஒரு பெயர். அவர் கையால் பத்திரிகை வேலையைத் தொடங்கினால் கல்யாணம் ஒரு விக்கினமும் இல்லாமல் நடக்கும் என்று ஜனங்கள் நம்பினார்கள். கடைதிறப்பு, கிணறு வெட்டு எல்லாவற்றுக்கும் அவரைக் கூப்பிடுவார்கள். தென்காசியிலிருந்துகூட வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்து அவர் அச்சகத்தில்தான் பத்திரிகை அடிப்பார்கள். அவருக்கு நாங்கள் ஒரு கம்ப்யூட்டர் விற்றோம். போய் நிறுவிக் கொடுத்தவன் நான்தான்.

அதில் தமிழ் அடிக்க ஒரு பெண்ணை வைத்திருந்தார். பெயர் பேச்சியம்மாள், ஊர் ஆழ்வார்குறிச்சி. அப்பாவும் அம்மாவும் வயல் வேலைக்குப் போகிறவர்கள். இவள் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணி, கம்ப்யூட்டரும் படித்துவிட்டு வந்தவள். வேகமென்றால் வேகம். தப்பே வராது. இரண்டு வருஷம் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று.

மூன்றாவது வருஷம் ஐப்பசியில் தொல்லை ஆரம்பித்தது. காலையில் பேச்சியம்மாள் பொத்தானை அமுக்கினால் விளக்கு எரியும், உள்ளே காற்றாடி சுற்றும், ஆனால் 'பீப்' சத்தம் வராது, திரையில் ஒரு எழுத்தும் வராது. பத்து மணிக்கு அண்ணாச்சி வருவார். அணைத்துவிட்டு, முருகா என்று சொல்லி, தன் கையால் அமுக்குவார். உடனே பீப் என்று உயிர் வந்துவிடும். பிறகு சாயந்தரம் வரைக்கும் ஒரு தொல்லையும் இல்லாமல் ஓடும். ஒருநாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, தினமும் இதே கதை. அச்சகத்தில் முதலில் சிரிப்பாகத்தான் பேசினார்கள். அந்த நேரம் பார்த்து அவள் அடித்துக் கொடுத்த ஒரு பத்திரிகையின் கல்யாணம் நின்றுபோயிற்று. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் ஏதோ சண்டை போட்டார்கள், அதற்கும் இவளுக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் ஊர் வாய் சும்மா இருக்குமா? அவள் கைக்கு மெஷினே ஓடமாட்டேன் என்கிறது, பிறகு கல்யாணம் எப்படி நடக்கும் என்று பேச்சு பரவிவிட்டது. பத்திரிகை கொடுக்க வருகிறவர்கள், அந்தப் பிள்ளை கையால் வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

அண்ணாச்சி அவசரப்படுகிற மனுஷர் இல்லை. முதலில் எங்கள் கம்பெனியைத்தான் கூப்பிட்டார். ஒன்றுக்கு மூன்று தடவை நான் போனேன். ஜங்ஷனில் சாவகாசமாகக் காப்பி குடித்து, பஸ்ஸில் ஜன்னலோர இடம் பிடித்து, நான் போய்ச் சேருவதற்குள் பதினோரு மணி ஆகிவிடும். போனால் மெஷின் ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்கும். அணைத்துப் போட்டால் திரும்பவும் ஓடும். ரேமை ரப்பரால் தேய்ப்பேன். தூசி தட்டுவேன். பிறகு சர்வீஸ் ரிப்போர்ட்டில் 'மெஷின் நன்றாக இயங்குகிறது, குறை ஒன்றும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். மூன்றாவது தடவை அந்தப் பெண் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். 'மெஷின் நல்லாத்தாம்மா இருக்கு, பொத்தானை ஒழுங்கா அமுக்கு' என்று சொல்லிவிட்டு பஸ் பிடித்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேல் கோபம் வருகிறது.

கார்த்திகை முடியப் பத்து நாள் இருக்கும்போது ஆபீஸுக்கு ஒரு போன் வந்தது. எஸ்டிடி பூத்திலிருந்து பேச்சியம்மாள். முத்துச்செல்விதான் எடுத்தார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தவர், என்னையும் காதை வைத்துக் கேட்கச் சொன்னார்.

"மார்கழி ஒண்ணாந் தேதியிலேர்ந்து வர வேண்டாம்னு சொல்லிட்டாங்க மேடம். வேலை போறதுகூடப் பெருசில்ல. ராசியில்லாத கைன்னு சொல்லி அனுப்புதாங்க. இந்தப் பேரோட வெளிய போனா எந்த அச்சாபீஸுல என்னைச் சேப்பாங்க? நாளைக்கு என்னைப் பொண்ணு பாக்க யாரு வருவா?"

அழுகை இல்லை. விஷயத்தைச் சொல்லிவிட்டு, பூத்தில் நேரம் ஆகிறது என்று வைத்துவிட்டாள். முத்துச்செல்வி அலமாரியிலிருந்து என்னுடைய மூன்று ரிப்போர்ட்டின் நகலையும் எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தார்.

"மூணு தடவையும் பதினோரு மணிக்கு மேலதான் போயிருக்கீங்க சங்கரன் சார்."

எனக்குச் சுள்ளென்று வந்துவிட்டது. பஸ் லட்சணம் உங்களுக்குத் தெரியுமா, கல்லிடைக்குறிச்சி ரோடு கிடக்கிற கிடையில் யார் எட்டு மணிக்குப் போவது என்று சத்தம் போட்டேன். அவர் முழுவதும் கேட்டுக்கொண்டார். நாளைக்கு முதல் பஸ்ஸில் போவோம் என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் பேச்சியம்மாள் வந்து கதவைத் திறப்பதற்கு முன்னாலேயே நாங்கள் அச்சக வாசலில் நின்றோம். முத்துச்செல்வி என்னிடம் எதையும் கழற்றக் கூடாது, பார்த்துக்கொண்டு மட்டும் இருக்க வேண்டும் என்று பஸ்ஸிலேயே சொல்லிவிட்டார். அவளிடம், நாங்கள் இல்லாத மாதிரி தினமும் செய்வதைச் செய்யச் சொன்னார். அவள் செருப்பை வெளியே விட்டாள். கம்ப்யூட்டர் அறைக்குள் போய் ஏசியைப் போட்டாள். பிறகு முக்காலியில் உட்கார்ந்து நேற்று அடித்ததைப் பிழை பார்க்க ஆரம்பித்தாள். கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. முத்துச்செல்வி நோட்டில் நேரத்தைக் குறித்தார்.

"ஏம்மா, மெஷினப் போடலையா?"

"ரூமு நல்லாக் குளுந்த பொறவுதான் போடணும் மேடம். ஒரு மணி நேரம் ஆவணும்."

"அப்படி யாரு சொன்னா?"

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. "மெஷின் வந்த அன்னைக்கே அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க," என்றாள்.

சொல்லிக் கொடுத்தது நான். கம்ப்யூட்டர் என்றாலே ஏசி, செருப்பைக் கழற்று, மூச்சை மெதுவாக விடு என்று இருந்த காலம் அது. பெரிய இன்ஜினியர் என்று காட்டிக்கொள்ள நானும் என் பங்குக்கு ஒரு மணி நேரம் என்று ஒரு கணக்கை அடித்துவிட்டு வந்தேன். எந்தப் புத்தகத்திலும் அப்படிக் கிடையாது. அந்தப் பெண் இரண்டு வருஷமாக அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு நிமிஷம் தப்பாமல் செய்திருக்கிறாள். ஏசியோ கம்ப்யூட்டருக்கு நேர் எதிரில். அதன் குளிர்காற்று பெட்டியின் முதுகில்தான் போய் அடிக்கிறது.  முத்துச்செல்வியும் என்னைப் பார்க்கவில்லை, எழுதிக்கொண்டிருந்தார்.

ஒரு மணி நேரம் கழித்து அவள் பொத்தானை அமுக்கினாள். காற்றாடி சுற்றியது. திரை கறுப்பு. முத்துச்செல்வி இப்போதுதான் மூடியைத் திறக்கச் சொன்னார். மின்சாரத்தை அளக்கிற மல்டிமீட்டரை எடுத்து எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் ஆரஞ்சு ஒயரில் வைத்தார். மின்சாரம் ஒழுங்காக வருகிறது, இனி நீ வேலையை ஆரம்பிக்கலாம் என்று மதர்போர்டுக்குச் சேதி சொல்கிற ஒயர் அது. அதில் ஐந்து வோல்ட் இருக்க வேண்டும். முள் ஒன்றைத் தாண்டவில்லை. சேதி வராததால் போர்டு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறது. அணைக்காமல் அப்படியே விடச் சொன்னார். பேச்சியம்மாளும் தினமும் அப்படித்தான் விடுவாளாம். அடிக்கடி அணைத்துப் போட்டால் கெட்டுவிடும் என்று அதையும் நான்தான் சொல்லியிருந்தேன். நாங்கள் மூன்று பேரும் முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பெட்டி சூடாக ஆக முள் பைய மேலே ஏறியது. அரை மணி நேரத்தில் ஐந்துக்குப் பக்கத்தில் வந்தது. அணைத்துப் போட்டதும் பீப் என்றது.

எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்குகிற ஒரு கெப்பாசிட்டர் வற்றிப்போயிருக்கிறது. சூடு இருந்தால் ஒப்பேற்றும், குளிர்ந்து கிடந்தால் படுத்துவிடும். அண்ணாச்சி வருகிற பத்து மணிக்கு அது அரை மணி நேரத்துக்கு மேல் சூடேறித் தயாராக இருக்கும். அவர் கைராசியின் ரகசியம் அதுதான். என் பையில் புது எஸ்எம்பிஎஸ் இருந்தது. பத்து நிமிஷ வேலை. நான் ஸ்க்ரூவில் கை வைத்தேன்.

"வேண்டாம் சார். இப்ப மாத்திட்டா மெஷின் ஓடும். அண்ணாச்சி வந்து பாப்பாங்க, இன்ஜினியர் வந்தாங்க ஓடுதுன்னு நெனச்சுக்கிடுவாங்க. இந்தப் பிள்ள மேல விழுந்த பேரு அப்படியே கெடக்கும்."

கையை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில்தான் அவர் எனக்கு மேலதிகாரி என்பதை நான் மனசார ஒத்துக்கொண்டேன். மெஷினின் குறையைக் கண்டுபிடிக்க நாலு பேர் இருப்பார்கள். எதைச் சரிபண்ண வந்தோம் என்று அந்த நேரத்தில் மறக்காமல் இருக்கிறவர்கள் குறைவு.

பத்து மணிக்கு அண்ணாச்சி வந்தார். மெஷின் ஓடுவதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். முத்துச்செல்வி குறை இருக்கிறது என்று சொன்னதும், மேஜை டிராயரைத் திறந்து என்னுடைய மூன்று ரிப்போர்ட்டையும் எடுத்துப் போட்டார்.

"மூணு தடவ வந்து மெஷின்ல குத்தம் இல்லேன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. மெஷின்ல இல்லேன்னா குத்தம் எங்கன இருக்கு? நீங்களே சொல்லுங்க."

 முத்துச்செல்வி தகராறு செய்யவில்லை. மெஷினை அணைத்துவிட்டு ஏசியை ஓடவிட அனுமதி கேட்டார். மத்தியானம் வரைக்கும் அது குளிரட்டும், பிறகு அண்ணாச்சியே தன் கையால் ஒருதடவை போட்டுப் பார்க்க வேண்டும் என்றார். அண்ணாச்சி அவரை ஏற இறங்கப் பார்த்தார். சரி என்றார்.

பன்னிரண்டு மணிக்கு அவர் கம்ப்யூட்டர் அறைக்குள் வந்தார். அச்சகத்தில் வேலை செய்கிற எட்டுப் பேரும் வேடிக்கை பார்க்க வாசலுக்கு வந்துவிட்டார்கள். எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். எல்லோரும் நன்றாகப் பார்க்கட்டும், அப்போதுதான் புத்தி வரும் என்று நினைத்தேன். முத்துச்செல்வி என்னிடம், கதவைச் சாத்திவிடுங்கள் என்றார். எனக்குப் புரியவில்லை. சாத்தினேன். உள்ளே நாங்கள் நாலு பேர்தான்.

அண்ணாச்சி, முருகா என்று சொல்லி அமுக்கினார். காற்றாடி சுற்றியது. பீப் இல்லை. அணைத்துவிட்டு இன்னொரு தடவை அமுக்கினார். திரை கறுப்பாகவே இருந்தது. அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. ஆனால் அமுக்கின விரலை அவர் மடக்கிக்கொண்டதை நான் பார்த்தேன். ஊர் முழுக்க நம்புகிற கை அது. அந்த அச்சகமே அந்தக் கையில்தான் நிற்கிறது. முத்துச்செல்வி கதவை ஏன் சாத்தச் சொன்னார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

முத்துச்செல்வி மீட்டரின் முனையை அண்ணாச்சி கையிலேயே கொடுத்து ஆரஞ்சு ஒயரில் வைக்கச் சொன்னார். முள் எங்கே நிற்க வேண்டும், எங்கே நிற்கிறது என்று காட்டினார். குளிர்ந்தால் படுத்துவிடுகிற ஒரு சாமான் உள்ளே இருக்கிறது, அதற்கு யார் கை என்று தெரியாது, சூடு மட்டும்தான் தெரியும் என்றார். முள் ஏறுகிற வரைக்கும் காத்திருந்தோம். ஏறியதும் அணைத்துவிட்டுப் பேச்சியம்மாளை அமுக்கச் சொன்னார். அவள் தயங்கினாள். பிறகு அமுக்கினாள். பீப் என்றது. 

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு மணி நேரம் குளிர வைக்கச் சொன்னது நான்தான், மூன்று தடவையும் காலையில் வந்து பார்க்காமல் எழுதிக் கொடுத்ததும் நான்தான், இந்தப் பிள்ளை மேல் ஒரு தப்பும் இல்லை என்று சொல்லிவிட்டேன்.  அண்ணாச்சி என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

"நீரு எழுதினத நான் நம்புனேன்வே," என்றார்.

 வெளியே போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். நான் 'கறுப்பு, கறுப்பு' என்று முணுமுணுத்துக்கொண்டே புது எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டினேன். ஏசியின் வாயை மேல் பக்கம் திருப்பி வைத்தேன். முத்துச்செல்வி திரும்பவும் ஒன்றரை மணி நேரம் மெஷினைக் குளிரவிட்டார். குளிர்ந்த பெட்டியைப் பேச்சியம்மாள் அமுக்கினதும் ஓடியது. மூன்று தடவை அணைத்துப் போட்டும் ஓடியது. ரிப்போர்ட்டை நானே எழுத வேண்டும் என்றார். குறை மெஷினில் இருந்தது, முன்பு எழுதிய மூன்றும் தவறு என்று எல்லோருக்கும் புரிகிற மாதிரி தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அண்ணாச்சி அதை வாங்கிப் படித்துவிட்டு டிராயரில் வைத்தார். மார்கழி ஒன்றாம் தேதியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பேச்சியம்மாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எங்களுக்குக் கிளம்பவும் மனசு வரவில்லை.

மூன்று மணி வாக்கில் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது ஒரு கல்யாண வீட்டார் வந்தார்கள். மார்கழி பிறந்தால் பத்திரிகை வேலை கொடுக்க மாட்டார்கள் என்பதால் தைக் கல்யாணக்காரர்களுக்கு அது நெருக்கடியான வாரம். பெண்ணின் அப்பா, கூட நாலைந்து பேர். வெற்றிலை, பாக்கு, பழம், மஞ்சள் தடவிய தாள் வைத்த தட்டை அண்ணாச்சி முன்னால் நீட்டி, உங்கள் கையால் ஆரம்பித்துக் கொடுக்க வேண்டும் என்றார் பெண்ணின் அப்பா. அண்ணாச்சி தட்டை வாங்கிக்கொண்டு எழுந்தார். கம்ப்யூட்டர் அறை வரைக்கும் போய், தட்டைப் பேச்சியம்மாள் கையில் கொடுத்தார். வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெண்ணின் அப்பா குரலைத் தாழ்த்தி, அண்ணாச்சி, இந்தப் பிள்ளையா என்று இழுத்தார். வேலையாட்கள் எட்டுப் பேரும் கையில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டு நின்றார்கள். சாத்தின கதவுக்குப் பின்னால் நடந்தது எங்கள் நாலு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது.

"இன்னைக்கு மத்தியானம் நான் அமுக்குனேன், ஓடல. ரெண்டு தடவ அமுக்குனேன், ஓடல. இவ அமுக்குனா, ஓடிச்சு," என்றார் அண்ணாச்சி, அச்சகம் முழுக்கக் கேட்கிற மாதிரி. "நோவு பெட்டிக்குத்தான்வே. இவ கைக்கு ஒண்ணும் இல்ல. மார்கழியிலயும் இவதான் இங்கன இருப்பா, தையிலயும் இவதான். ஒங்களுக்கு மனசு இல்லேன்னா தட்டை எடுத்துக்கிடும்."

அவருடைய மானத்தைக் காப்பாற்றத்தான் முத்துச்செல்வி கதவைச் சாத்தச் சொன்னார். அண்ணாச்சி அதைத் தானே எடுத்து நடுக்கூடத்தில் வைத்துவிட்டார். நான் முத்துச்செல்வியைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்து நோட்டில் எதையோ எழுதுகிற மாதிரி நின்றார். கண் கலங்கியிருந்தது.

பெண்ணின் அப்பா கூட வந்தவர்களை ஒருதடவை திரும்பிப் பார்த்தார். பிறகு தட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, நீயே ஆரம்பிச்சுக் குடும்மா என்று பேச்சியம்மாளிடம் சொன்னார். பொத்தானை அமுக்கச் சொல்லி அண்ணாச்சி கையைக் காட்டினார்.

"அது அப்பவே ஓடிக்கிட்டுத்தான் இருக்கு அண்ணாச்சி," என்றாள் அவள். தட்டைப் பக்கத்து மேஜையில் வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "பொண்ணு பேரு என்ன மாமா?"

அவர் சொன்னார். அவள் அடிக்க ஆரம்பித்தாள்.